டேம்பரின் பைக்குள்ளேயே இருந்த ஞாயிறு

என் பிரியமான தெபோரா அக்காவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ இப்போது இருக்கும் இடத்தில் நலத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று நம் சபையில் வாரம் தவறாமல் பாடிக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் நலமாக இல்லை. கோபமாக இருக்கிறேன். நீ போய் இத்தனை வருடம் ஆகியும் ஆறாத கோபம். இந்த வாரம் அது மறுபடியும் கொதிக்க ஆரம்பித்துவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

இதைச் சபையின் மாத இதழுக்கு அனுப்பப் போகிறேன். போடுவார்களோ மாட்டார்களோ, தெரியாது. போட்டால், உனக்கு எழுதியதை நாலு பேர் ஒட்டுக் கேட்கட்டும். அவர்களில் சிலர் கேட்டே ஆக வேண்டிய விஷயம்.

சாமுவேல் அண்ணன் படுத்துவிட்டார், அக்கா. நம் பாடகர் குழுவை இத்தனை காலம் நடத்திய, ஆர்மோனியத்தின் முன்னால் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் அதே சாமுவேல் அண்ணன். சென்னைப் பாடியில் பார்த்த தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு காட்டுப்பாக்கத்தில் மகள் ஜாய்ஸ் வீட்டில் இருக்கிறார். ஈரலில் ஏதோ என்கிறார்கள். நேற்று ஜாய்ஸ் என்னைத் தேடி அம்பத்தூருக்கே வந்தாள். உள்ளே கூட வரவில்லை. வாசலில் நின்றபடியே அழுதாள்.

"ஆன்ட்டி, வர்ற ஞாயித்துக்கெழம கொயர் எங்க ஊட்டுக்கு வராங்க. அப்பா உங்களத்தான் கேட்டுகினே கீறாரு. எந்தப் பாட்டுன்னு ரூத் டீச்சரே சொல்லட்டும்னு சொல்லிட்டாரு. நீங்க வரலன்னா பாட்டே வேணாமாம்."

நான் குரலைத் தாழ்த்தி, "டாக்டர் என்னம்மா சொன்னார்?" என்றேன்.

"கொஞ்ச நாளுதானாம் ஆன்ட்டி. அப்பாகிட்ட நாங்க சொல்லல. நீங்களும் சொல்லிடாதீங்க."

அவளுக்கு வாசலிலேயே காப்பி கொண்டுவந்து கொடுத்து, "பார்க்கலாம், போ" என்று அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திய பிறகுதான் எனக்கு உறைத்தது. வாசலில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, டாக்டர் என்ன சொன்னார் என்று நானே கேட்டிருக்கிறேன். உன்னைக் கொன்ற கேள்வி அது. ஆமாம், கொன்ற என்றுதான் எழுதுகிறேன். நோய் கொன்றது என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

இதை வாசிக்கும் புதியவர்களுக்காக அந்த வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான். அதை உண்டாக்கியவளே நீதானே.

ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, பாடகர் குழு சுகமில்லாதவர்கள் வீட்டுக்குப் போகும். சாமுவேல் அண்ணன் சிறிய ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொள்வார். நீ டேம்பரினைத் துணிப்பையில் போட்டுக்கொள்வாய். ஓரமெங்கும் சில்லுத் தகடு வைத்த அந்தச் சின்ன வட்டத்துக்குப் பையில் போட்டாலும் வாய் மூடாது. நீ ரயில் படியேறும் முன்பே அதன் சத்தம் ஏறிவிடும். கொரட்டூர், அண்ணனூர், ஆவடி என்று நம் குழு போகாத தெரு உண்டா?

ஆரம்பத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பாட்டுத்தான். படுக்கையை எடுத்துக்கொண்டு நடப்பாய், சுகம் உன்னுடையது என்று கைதட்டிப் பாடும் பாட்டு. ஒருமுறை திருமுல்லைவாயலில் ஒரு வீட்டில் அதைப் பாடி முடித்தபோது, படுத்திருந்தவரின் மனைவி எழுந்து வந்து உன் கையிலிருந்த டேம்பரினைப் பிடித்துக்கொண்டாள். "எழுந்து நடப்பாருன்னு பாடறியே கண்ணு, டாக்டரு கைய விரிச்சிட்டாரு. எனுக்கு எதுக்கு இந்த ஆசயக் காட்டற?" என்று கேட்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் டேம்பரினைச் சத்தம் வராமல் மடியில் அழுத்திப் பிடித்திருந்தாய்.

அடுத்த வாரம் சட்டம் போட்டுவிட்டாய். வாசலிலேயே வீட்டாரிடம் கேட்டுவிட வேண்டும். எழுந்துவிடுவார் என்றால் கைதட்டுப் பாட்டு, டேம்பரினோடு. எழமாட்டார் என்றால் டேம்பரின் பையை விட்டு வெளியே வராது. நதியைக் கடந்து அந்தப் பக்கம் போகிற பாட்டு. அக்கரைப் பாட்டு என்று நீதான் அதற்குப் பெயர் வைத்தாய். "போறவங்ககிட்ட பொய்ப் பாட்டு பாடக் கூடாது" என்றாய். நல்ல மனசோடு போட்ட சட்டம். நான் வகுப்பில் போட்ட சட்டங்களும் அப்படித்தான். மழை பெய்தால் யாரும் வெளியே போகக் கூடாது என்று ஒருநாள் சொல்லி வைத்தேன். கூரை ஒழுகி வகுப்புக்குள்ளேயே மழை பெய்த அன்று பிள்ளைகள் அப்படியே நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தை மீறக் கூடாதாம்.

அந்த அக்கரைப் பாட்டுகளை நீ எத்தனை கேலி செய்திருக்கிறாய்! உனக்குப் பக்தி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. நம்பினதால்தான் கேலி செய்தாய். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுவதும் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றிவிட்டு, விரலில் துணி சுற்றிக்கொண்டு பயிற்சிக்கு வருவாய். சாமுவேல் அண்ணன் பொன் வீதியைப் பற்றிய அடியை உருகி உருகிச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருப்பார். நீ என் காதில் கிசுகிசுப்பாய்.

"ஏன்டி ரூத்து, தங்கத்துல ரோடு போட்டா வெயில்ல கால் வெக்க முடியுமா? ஆவடி தார் ரோட்டுலயே கால் பொத்துப் போவுது. அங்க செருப்பு குடுப்பாங்களா, இன்னா?"

"அங்க வெயில் இல்லையாம் அக்கா. சூரியனே கிடையாது."

"அப்ப துணி எப்டிக் காயும்? எல்லாரும் வெள்ள அங்கி வேற போட்டுகினு கீறாங்க."

சாமுவேல் அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "ஆல்டோ பக்கம் இன்னா சத்தம்?" என்பார், கீழ்க்குரல் பாடும் நம் வரிசையைப் பார்த்து. நீ உடனே, "பரலோகத்தப் பத்திதான் பேசிகினு கீறோம்ணே" என்பாய். அவருக்கே சிரிப்பு வந்து சுருதி தவறும்.

இரவு இல்லை என்ற அடி வந்தால் உனக்குச் சந்தோஷம். "அப்ப உங்க மாமாவுக்கு நைட் ஷிப்ட் இல்ல." கண்ணீர் இல்லை என்ற அடி வந்தால் சந்தேகம். "வெங்காயம் இல்லாம இன்னா கொழம்பு?" நான் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளைப் பரலோகத்தை வரையச் சொன்னதை உன்னிடம் காட்டினேனே, நினைவிருக்கிறதா? பாதிப் பேர் சிறகு வைத்த ஆட்களை வரைந்திருந்தார்கள். ஒரு பெண் மட்டும் தெருக்குழாயை வரைந்து, தண்ணீர் கொட்டக் கொட்ட, பக்கத்தில் ஒரு குடம் கூட இல்லாமல் விட்டிருந்தாள். ஏனம்மா என்று கேட்டேன். எப்பவும் வரும் டீச்சர், எதுக்குப் பிடிச்சு வெக்கணும் என்றாள். நீ அந்தப் படத்தை வாங்கி உன் வீட்டுச் சுவரில் ஒட்டிக்கொண்டாய். "சாமுவேலண்ணன் பாட்டுலகூட இவ்ளோ நல்லா சொல்லலடி. இந்தப் புள்ளைக்கு நூத்துக்கு நூறு போடு."

நான் போட்டேன். ஆனால் அந்தப் பாட்டுகளுக்கு நான் ஒருநாளும் மதிப்பெண் போடமாட்டேன். கண்ணீர் இல்லை, நோய் இல்லை, இரவு இல்லை, துக்கம் இல்லை. எது இல்லை என்றே எல்லாப் பாட்டும் சொல்கிறது. பூனை என்றால் என்ன என்று கேட்டதற்கு, நாய் இல்லை, மாடு இல்லை, ஆடு இல்லை என்று ஒரு பையன் எழுதினால் நான் என்ன செய்வேன்? அங்கே என்னதான் இருக்கிறது? நீ இருக்கிறாயா?

அப்புறம் உனக்கு வயிற்று வலி வந்தது. டாக்டர் உன் வீட்டுக்காரரை, மாமாவை, தனியாகக் கூப்பிட்டுக் கட்டி என்று சொன்னார். மாமா வெளியே வந்து, "உங்க அக்காகிட்ட அல்சர்னு சொல்லிடலாம் ரூத்து. அவ தாங்கமாட்டா" என்றார். எல்லாரும் அல்சர் என்றோம். நீயும் அல்சர் என்றே எல்லாரிடமும் சொன்னாய். மோரும் கஞ்சியுமாகக் குடித்துக்கொண்டு, "ஈஸ்டருக்குள்ள எழுந்துடுவேன். விடியக்காலத்து ஆராதனைக்கு ஆல்டோ நான்தான். எவளையும் போட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்பினாய். குழுவுக்காக எடுத்த வெள்ளைப் புடவையை உன் தலைமாட்டில் மடித்து வைத்திருந்தாய். டேம்பரினை மட்டும் தற்காலிகமாக நம் குழுவில் பாடும் லீலாவிடம் கொடுத்திருந்தாய், ஈஸ்டருக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொல்லி.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் ஒரு ஞாயிறு. நான் கோவில்பதாகையில் உன் வீட்டில், அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். குழு வரும் என்று தெரியும். அவர்கள் தெருமுனை திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கேட்கவே இல்லை. வரவில்லை போல என்று நினைத்து எட்டிப் பார்த்தால், எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். சாமுவேல் அண்ணன் மாமாவின் தோளில் கை வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மாமா தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன். உன்னிடம் ஒரு பொய் சொல்லியே களைத்துப் போயிருந்தார்.

லீலாவின் கையில் அதே துணிப்பை இருந்தது. ஆனால் சத்தம் இல்லை. டேம்பரினைத் துண்டில் சுற்றி உள்ளே வைத்திருந்தாள்; பதில் என்ன என்று வரும்போதே ஊகித்துவிட்டார்கள் போல.

உன் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஆர்மோனியத்தின் சத்தம் எழுந்தது. முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கரைப் பாட்டு. நான் தேநீர்த் தட்டோடு நிலைப்படியில் அப்படியே நின்றேன். உள்ளே போய் நிறுத்துங்கள் என்று கத்தியிருக்க வேண்டுமா? கத்தினால் அதைவிடத் தெளிவாக உனக்குத் தெரிந்துவிடுமே. பள்ளியில் தேர்வு முடிவு வருகிற நாள் ஞாபகம் வந்தது. பட்டியலை ஒட்டுவதற்கு முன்பே, டீச்சர் எந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்க்கவில்லையோ அந்தப் பிள்ளைக்கு விஷயம் தெரிந்துவிடும். அன்று உன் கண்ணை யாருமே பார்க்கவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார்கள், சுவரிலிருந்த தெருக்குழாய்ப் படத்தைப் பார்த்தார்கள்.

நீ மட்டும் லீலாவின் பையைப் பார்த்தாய்.

இரண்டாவது சரணத்தில் நீ சேர்ந்து பாடினாய், அக்கா. உன்னை வழியனுப்பும் பாட்டுக்கு நீயே ஆல்டோ பாடினாய். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உன்னைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருக்கிறது. ஏன் பாடினாய்? தலையணையை எடுத்து அவர்கள் மேல் எறிந்திருக்கலாமே?

பாட்டு முடிந்தது. நீதான் முதலில் பேசினாய்.

"சாமுவேலண்ணே, மூணாவது சரணத்துல சுருதி எறங்கிப் போச்சு. எல்லாரும் ஒரேடியா அழுதா எப்டி நிக்கும்?"

அவர் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடினார். நீ லீலா பக்கம் திரும்பினாய்.

"லீலா, பையில இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்குத் துண்டு எதுக்கு? குளுருதா அதுக்கு?"

லீலா ஓவென்று அழுதுவிட்டாள். நீ மாமாவைத் தேடினாய். மாமா கொல்லைப்பக்கம் போய்விட்டிருந்தார். கிணற்று ராட்டினம் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. தேவையே இல்லாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

சாமுவேல் அண்ணன் மெதுவாக, "தெபோராம்மா, நீதானே சொன்ன, போறவங்ககிட்ட..." என்று ஆரம்பித்துவிட்டு, அந்த வார்த்தையிலேயே திக்கி நின்றார். பாவம் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்குப் பாவமாக இல்லை. உன் சட்டத்தை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். அந்தச் சட்டத்தின் ரகசியம் தெரிந்த ஆள் தலையணையில் சாய்ந்திருக்கிறாள் என்பது மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை.

நீ சொன்னாய்: "பொய்ப் பாட்டு கூடாதுன்னுதான் சொன்னேன். வாசல்ல நின்னுகினு அவருகிட்ட கேட்டீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டா இன்னா? நான் உள்ளதான கீறேன்."

நான் உள்ளதான கீறேன். இந்த ஒரு வரிக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

அன்றோடு ஈஸ்டரைப் பற்றி நீ பேசவில்லை. வெள்ளைப் புடவையை லீலாவுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டாய். கஞ்சியைப் பாதியில் வைத்தாய். ஒரு பொய் உன்னை எழுப்பி உட்கார வைத்திருந்தது. ஒரு பாட்டு உன்னைப் படுக்க வைத்துவிட்டது. அந்தப் பாட்டு இல்லாதிருந்தால் நீ பிழைத்திருப்பாய் என்று நான் சொல்லவில்லை. அவ்வளவு முட்டாள் இல்லை. ஆனால் அந்த ஈஸ்டரையாவது பார்த்திருப்பாய் என்று எனக்கு இன்னமும் தோன்றுகிறது. இல்லை என்று எனக்கு யார் நிரூபிப்பார்கள்?

ஒருநாள் மத்தியானம் உன் தலையை வாரிக்கொண்டிருந்தேன். என் கண்ணீர் உன் வகிட்டில் விழுந்திருக்க வேண்டும். "இன்னாடி, மேல மழை ஒழுவுதா?" என்றாய்.

"உனக்குக் கோபமே வரலையா அக்கா?"

"வந்துது. சாமுவேலண்ணன் மேல இல்ல. பாட்டு மேல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "ஏன்டி, நல்ல எடத்துக்குதான போறோம்னு பாடறோம்? அப்புறம் ஏன் கடசி பஸ்ஸ உட்டவன் மாதிரி இழுத்து இழுத்துப் பாடறோம்? அந்தப் பாட்டுக்குத்தான்டி டேம்பரின் வேணும். நான் தப்பா பிரிச்சுட்டேன்."

"நீ பிரிச்சது தப்பில்லை."

"தப்புதான். எழுந்துக்கறவனுக்கு எதுக்குத் தாளம்? அவன் எழுந்து கடைக்குப் போயி கறி வாங்கியாந்து துன்னுவான். போறவனுக்குதான் தொணைக்குச் சத்தம் வேணும்." பிறகு கண்ணை மூடியபடி சிரித்தாய். "அங்க டேம்பரின் இல்லன்னு வெச்சுக்கோ, நான் திரும்பி வந்துடுவேன் பாரு."

நீ திரும்பி வரவில்லை. அப்படியென்றால் அங்கே டேம்பரின் இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்ளவா? இல்லை, வழக்கம் போலச் சும்மா சொன்னாயா? பரலோகத்தைப் பற்றி எனக்கு வேறு ஆதாரம் கிடையாது, அக்கா. நீ வராததுதான் என் ஒரே ஆதாரம். இதைவிட மோசமான ஆதாரத்தை யாராவது யாருக்காவது விட்டுவிட்டுப் போவார்களா?

உன் அடக்கத்தன்று அதே பாட்டைப் பாடினார்கள். அதே இழுப்பு. சாமுவேல் அண்ணன் ஆர்மோனியத்தின் மேல் கவிழ்ந்து அழுதார். நான் உதட்டைப் பிரிக்கவில்லை. யாரோ ஒரு அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, கர்த்தருக்கு ஒரு நல்ல ஆல்டோ தேவைப்பட்டது என்றார். தூதர் கூட்டத்தில் ஆளுக்கா பஞ்சம்? நம் சபையில்தான் ஆல்டோவுக்கு ஆள் இல்லை. அவரிடம் அதைச் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த அம்மாள் இந்த இதழை வாசிப்பவர்தான்.

அதற்குப் பிறகு அக்கரைப் பாட்டு ஆரம்பித்தால் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். சபைக்குப் போகாமல் இல்லை. கடைசி வரிசையில், மின்விசிறிக்குக் கீழே உட்காருவேன். சாமுவேல் அண்ணன் என்னைத் தேடி வந்து நின்ற நாள்களும் உண்டு. "டீச்சர், ஒரு நிமிஷம்" என்பார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று நடந்துவிடுவேன். அந்த பஸ் இத்தனை வருடமாக எனக்கு நேரமாகிக்கொண்டே இருக்கிறது.

இங்கே நடப்பதையும் கேட்டுக்கொள். ஆலயத்தில் கீபோர்டு வந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே மேளம் அடிக்கிறது. நிறுத்த மறந்தால் ஜெபத்திலும் அடிக்கிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். உன் தெருவில் குழாய் வந்துவிட்டது. ஆனால் காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது, வரிசையில் குடத்துக்குக் குடம் சண்டை. ஆக, அது பரலோகம் இல்லை. மாமா உன் படத்துக்கு மாலை போடும்போதெல்லாம், "நான் அல்சர்னுதான சொன்னேன்" என்று முணுமுணுக்கிறார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. உன் மேல் போகவில்லை.

டேம்பரின் என்னிடம்தான் இருக்கிறது. அடக்கம் முடிந்ததும் லீலா கொண்டுவந்து, "இது அக்காவோடது டீச்சர், என் கை கூசுது" என்று கொடுத்துவிட்டுப் போனாள். அன்று சுற்றியிருந்த துண்டோடு அலமாரியின் மேல் வைத்தவள்தான், பிறகு தொடவே இல்லை. நேற்று ஜாய்ஸ் போன பிறகு நாற்காலி போட்டு ஏறி எடுத்தேன். தகடுகள் சில ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. புளி போட்டுத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் கோபம்தான் பளபளத்தது.

எந்தப் பாட்டு என்று நான் சொல்ல வேண்டுமாம். என்ன தந்திரம் இது? இவ்வளவு வருடம் என்னிடம் ஒரு நிமிஷம் கேட்டுக் கிடைக்காத மனிதர், போகும்போது பிரம்பை என் கையில் கொடுத்துவிட்டுக் கையை நீட்டுகிறார். அடித்தால் நான் கொடுமைக்காரி. அடிக்காவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம். எல்லாம் சரியாகவில்லை, அக்கா.

ஜாய்ஸுக்குத் தெரியாது, ஆனால் எனக்குத் தெரியும். அவருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுவதும் வாசலில் நின்று கேட்டவருக்கு, தன் வீட்டு வாசலில் யாரோ குரலைத் தாழ்த்தினால் புரியாதா?

கைதட்டுப் பாட்டு என்று சொல்லிவிடலாம். அவருக்குக் கேட்கக் கேட்கத் தெரியும், பொய் என்று. அக்கரைப் பாட்டு என்று சொல்லலாம், டேம்பரினைத் துண்டில் சுற்றி அவர் கண் படுகிற இடத்தில் வைத்துவிட்டு. உனக்கு நடந்தது அப்படியே அவருக்கும் நடக்கும். ஜாய்ஸ் போன பிறகு கொஞ்ச நேரம் அந்த எண்ணம் எனக்கு இனித்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். புளியும் கையுமாக உட்கார்ந்து, துண்டை எப்படி மடிப்பது என்றுகூட யோசித்தேன்.

அப்போதுதான் உன் குரல் கேட்டது. ஆவியும் இல்லை, தரிசனமும் இல்லை. மறக்க முடியாததால் கேட்டது. நான் உள்ளதான கீறேன்.

காட்டுப்பாக்கத்தில் ஒரு கட்டிலில் அவரும் உள்ளேதானே இருக்கிறார்?

ஆகவே நான் எந்தப் பாட்டையும் சொல்லப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கமாட்டேன். ஜாய்ஸிடம் எதுவும் கேட்கமாட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக உள்ளே போய், அவர் கட்டிலில் உட்கார்ந்து, உன் டேம்பரினை அவர் மடியில் வைத்து, "அண்ணா, உங்களுக்கு எந்தப் பாட்டு வேணும்?" என்று கேட்பேன். சொல்லிவிடாதீர்கள் என்றுதானே ஜாய்ஸ் கேட்டாள்? நான் சொல்லமாட்டேன். கேட்கத்தான் போகிறேன். உன்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நானும் கேட்கவில்லை, மாமாவும் கேட்கவில்லை.

அவர் எதைக் கேட்டாலும் பாடுவேன். அக்கரைப் பாட்டைக் கேட்டால் அதையும் பாடுவேன், ஆனால் நீ சொன்னபடி. இழுக்கவிடமாட்டேன். கீபோர்டுக்காரப் பிள்ளை அந்தப் பொத்தானை அழுத்தினால் கையைத் தட்டிவிடுவேன். தாளம் என்னுடையது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. அவரையும் இல்லை, உன்னையும் இல்லை. கோபத்தோடேதான் போகிறேன். அந்தத் துண்டைக் கிழித்துச் சமையலறைக்குப் பிடிதுணி ஆக்கிவிட்டேன். டேம்பரினை வெறும் பையில் போட்டுக்கொண்டு பூந்தமல்லி பஸ்ஸில் ஏறுவேன். பள்ளத்துக்குப் பள்ளம் அது சத்தம் போடட்டும். கண்டக்டர் திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும். தெருமுனை திரும்பும்போதே சாமுவேல் அண்ணனுக்குக் கேட்க வேண்டும், மூடி மறைக்காமல் ஒருத்தி வருகிறாள் என்று.

இது என் வாக்கு, அக்கா. உனக்கும் அந்தச் சத்தம் எட்டினால், ஆல்டோவை நீ எடுத்துக்கொள். மேல் குரலை நான் பார்த்துக்கொள்கிறேன். கோபத்தில் எனக்கு நன்றாகவே குரல் எழும்.

வாசலில் நிற்காமல் உள்ளே போகப்போகிற,
உன் தங்கை
ரூத்து